மாலை ஏழரைக்கு மேல் ஃபிக்ஸ் ஏன் நழுவுகிறது? கிருஷ்ணகிரி, தருமபுரி வானத்தில் நடப்பது என்ன?

கேள்வி இது. கிருஷ்ணகிரியில் ஒரு மொட்டை மாடியில் பேஸ் (ஓரிடத்தில் நிற்கும் ஜிபிஎஸ் ரிசீவர்) வைத்து, காவேரிப்பட்டணம் பக்கம் ரோவரோடு (கையோடு நகரும் ரிசீவர்) ரோடு சர்வே நடக்கிறது. இடைவெளி சுமார் 11 கிலோமீட்டர். பகல் முழுக்க ஃபிக்ஸ், அதாவது சென்டிமீட்டர் துல்லியம், நிற்கிறது. வண்டிப் போக்குவரத்து குறையட்டும் என்று மார்ச் மாதம் இரவு வேலைக்கு மாறியதும், ஏழரை மணிக்கு மேல் ஃப்ளோட்டுக்கு, அதாவது கணக்கு உறுதியாகாத நிலைக்கு, விழுகிறது, திரும்ப வருகிறது, மறுபடி விழுகிறது. மேகம் இல்லை, மழை இல்லை. கேபிள் மாற்றியாயிற்று, ஆன்டெனாவும் மாற்றியாயிற்று. கருவி பழுதா?

நீங்கள் சொல்லும் மாதமும் மணியும் சேர்ந்தே பதிலைக் காட்டிவிடுகின்றன. கருவியைச் சந்தேகிக்கும் முன் தலைக்கு மேலே 300 கிலோமீட்டரைப் பாருங்கள். அங்கே பகலில் ஒரு விதமாகவும், பொழுது சாய்ந்த பிறகு முற்றிலும் வேறு விதமாகவும் சிக்னலுக்குத் தொல்லை நடக்கிறது. இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்வதால்தான் பலர் தேவையில்லாத பொருளை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

முதலில் பகல் தொல்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அங்கிருந்து வரும் சிக்னலுக்கு வழியின் பெரும்பகுதி ஏறக்குறைய வெற்றிடம். கடைசி ஆயிரம் கிலோமீட்டரில்தான் சங்கடம். சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் அங்குள்ள காற்றணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கின்றன. 60 கி.மீ. உயரத்தில் தொடங்கும் இந்த அயனிமண்டலம் 300 முதல் 400 கி.மீ. அளவில் உச்ச அடர்த்தியை அடைகிறது. இந்த எலக்ட்ரான் கூட்டத்தின் ஊடே வரும்போது சிக்னலின் கோட் பகுதி (நேரம் சொல்லும் குறியீடு) தாமதப்படுகிறது. அதைச் சுமந்து வரும் கேரியர் அலையின் ஃபேஸ் (அலை ஏறி இறங்கும் கட்டம்) அதே அளவுக்கு முந்துகிறது. ஒரே சிக்னலில் ஒன்று பிந்த, ஒன்று முந்த, எலக்ட்ரான் அளவு கூடக் கூட இரண்டும் விலகிக்கொண்டே போகும்.

அளவு சொல்கிறேன். ஒரு சதுர மீட்டர் அடிப்பரப்புள்ள குழாயை ரிசீவரிலிருந்து செயற்கைக்கோள் வரை நிறுத்தியதாக நினையுங்கள். அதற்குள் இருக்கும் எலக்ட்ரான்களின் மொத்த எண்ணிக்கையை டெக் என்கிறார்கள். 1-க்குப் பின் 16 பூஜ்யம் போட்ட எண்ணிக்கைக்கு ஒரு டெக் யூனிட் என்று பெயர். ஒரு யூனிட் இருந்தால் எல்1 அலைவரிசையில் (1575.42 மெகாஹெர்ட்ஸ்) 16 செ.மீ. பிழை, எல்2-வில் (1227.60) 27 செ.மீ., எல்5-இல் (1176.45) 29 செ.மீ. அதிர்வெண்ணின் இருபடிக்கு எதிர்விகிதம் என்பதால் கீழே போகப் போகப் பிழை இப்படி ஏறுகிறது. விடியற்காலையில் நம் பக்கம் 5, 10 யூனிட்தான் இருக்கும். சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில் மதியம் இரண்டு, மூன்று மணிக்கு 60, 80 யூனிட் என்று ஏறிவிடும். 70 யூனிட் என்றால் நேர் உச்சியில் உள்ள கோளுக்கே 11 மீட்டர். அடிவானத்திலிருந்து 15 டிகிரியில் நிற்கும் கோளின் சிக்னல் அந்தப் படலத்தைச் சாய்வாகக் கடப்பதால் அதில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு, 28 மீட்டருக்கு மேல்.

கைப்பேசியில் ஒரே அலைவரிசை என்றால், செயற்கைக்கோள் அனுப்பும் எட்டு எண்களை வைத்து ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. குளோபுச்சார் மாதிரி என்று அதற்குப் பெயர். அது பிழையில் ஏறக்குறைய பாதியைக் குறைக்கும், அவ்வளவுதான். இரவு முழுக்க 5 நானோ நொடி, அதாவது ஒன்றரை மீட்டர் என்று ஒரே அளவாக வைத்துவிட்டு, உள்ளூர் நேரம் 2 மணிக்கு உச்சம் வைக்கிறது. தருமபுரி தீர்க்கரேகைக்கு அது இந்திய நேரப்படி சுமார் 2.17. இரண்டு அலைவரிசை உள்ள ரிசீவர் இரண்டின் தாமதத்தையும் ஒப்பிட்டு இந்தப் பிழையை நேரடியாகவே நீக்கிவிடும். விலை என்னவென்றால் இரைச்சல் மூன்று மடங்காகும். அதனால்தான் பேஸ்லைன் (பேஸுக்கும் ரோவருக்கும் உள்ள தூரம்) குறுகியதாக இருந்தால், இப்படி அயனிப் பிழை நீக்கிய இரட்டை அலைவரிசைக் கலவையைப் போட வேண்டாம் என்கிறார்கள்.

பேஸ் அனுப்பும் திருத்தத்தை வைத்து ரோவர் உடனுக்குடன் கணக்கிடும் உங்கள் ஆர்டிகே முறையில் இந்த 11 மீட்டர் ஏன் உங்களைக் கடிக்கவில்லை? பேஸும் ரோவரும் ஏறத்தாழ அதே எலக்ட்ரான் கூட்டத்தின் ஊடே பார்க்கின்றன. இரண்டிலும் அதே பிழை, கழித்தால் போச்சு. மிஞ்சுவது வித்தியாசம் மட்டும். அது கிலோமீட்டருக்கு 2 மில்லிமீட்டர் என்றால் 11 கிலோமீட்டருக்கு 2 செ.மீ. கிலோமீட்டருக்கு 10 மில்லிமீட்டர் என்றால் 11 செ.மீ. எல்1-இன் ஒரு அலை நீளமே 19 செ.மீ.தான். மிச்சப் பிழை அரை அலையைத் தாண்டினால், முழு அலைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் கணக்கு தடுமாறும். ஃபிக்ஸ் என்று திரையில் வருவது அந்தக் கணக்கு முடிந்தது என்பதுதான்.

நம் பகுதிக்கு இங்கே ஒரு தனி நிலைமை உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டி, திருவனந்தபுரம், திருநெல்வேலிப் பக்கமாகப் போகிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ராக்கெட்டை விட திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அது காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது என்பதற்காகத்தான். அங்கே காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும். பகலில் கிழக்கு நோக்கிய மின்புலம் எலக்ட்ரான்களையும் அயனிகளையும் மேலே தூக்கும். தூக்கியது பிறகு காந்தக் கோடுகள் வழியே வடக்கும் தெற்குமாகச் சரிந்து இறங்கும், வாய்க்கால் தண்ணீர் இரு பக்கமும் பிரிந்து பாய்வதுபோல. வடக்கே சரிந்தது குவியும் இடம் அகமதாபாத், போபால், கொல்கத்தா இருக்கும் அட்சரேகை. நாம் 12 டிகிரியில், பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும் சரிவில் நிற்கிறோம். எலக்ட்ரான் அளவு வேகமாக மாறுவது தெற்கு வடக்காகத்தான். கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம், தருமபுரி போகும் ரோடும் தெற்கு வடக்காகத்தான் கிடக்கிறது. ஆகவே மதியம் பேஸ்லைன் நீளும்போது ஃபிக்ஸ் கிடைக்கத் தாமதமானால் வியப்பில்லை. ஆனால் பகல் மாற்றம் மெதுவானது, வழவழப்பானது. காத்திருந்தால் கிடைத்துவிடும்.

பொழுது சாய்ந்த பிறகு வருவது வேறு.

மார்ச்சில் தருமபுரியில் சூரியன் மறைவது சுமார் 6.30. ஆனால் 300 கி.மீ. உயரத்தில் நிற்பவனுக்கு அதற்கு மேலும் ஒரு மணி நேரத்துக்குச் சூரியன் தெரிந்துகொண்டே இருக்கும். அதனால் கீழ் அடுக்குகளில் எலக்ட்ரான்கள் மளமளவென்று அயனிகளோடு சேர்ந்து காணாமல் போக, மேல் அடுக்கு அடர்த்தியாகவே நிற்கிறது. சரியாக அந்த நேரத்தில் கிழக்கு மின்புலம், திசை மாறும் முன் ஒரு தடவை எகிறி, மேல் அடுக்கை இன்னும் உயரத் தூக்குகிறது. கனமானது மேலே, லேசானது கீழே. எண்ணெய்க்கு மேல் தண்ணீரை நிறுத்தி வைத்தால் எவ்வளவு நேரம் நிற்கும்? சிறு அலைவு போதும், கீழே இருக்கும் வெறுமை குமிழியாகக் கிளம்பி மேலே குடைந்துகொண்டு போகிறது. பிளாஸ்மா குமிழி என்பது இதுதான். சில நாட்களில் ஆயிரம் கி.மீ. உயரம்கூட ஏறும். காந்தக் கோட்டைப் பிடித்து வடக்கு தெற்காக நீண்டு, நொடிக்கு 100 மீட்டர் அளவில் கிழக்கு நோக்கி நகரும். திருப்பதிக்கு அருகில் கடங்கியில் இருக்கும் 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார், கிருஷ்ணகிரியிலிருந்து நேர்கோட்டில் சுமார் 150 கி.மீ., இந்தக் குமிழிகள் புகைபோல மேலே எழுவதைப் பல ஆண்டுகளாகப் படம் பிடித்து வருகிறது.

குமிழியின் உள்ளேயும் ஓரத்திலும் அடர்த்தி ஒரே சீராக இருக்காது. சில நூறு மீட்டர் அளவுள்ள திட்டுத் திட்டான ஏற்றத்தாழ்வுகள்தான் எல்1 அலையை அதிகம் கலைக்கின்றன. சிமென்ட் தொட்டியில் தண்ணீர் நிறைந்திருக்கும்போது நண்பகல் வெயிலில் அடித்தளத்தைப் பாருங்கள். மேலே சிற்றலை ஓட, அடியில் வெளிச்சக் கோடுகள் நெளியும். ஓர் இடம் பளிச்சென்று மின்னும், பக்கத்தில் இருண்டு கிடக்கும், அடுத்த நொடி இடம் மாறும். அந்தத் தொட்டியின் தரையில் உட்கார்ந்த எறும்புதான் உங்கள் ரோவர். சிக்னல் வலிமை நொடிக்கு நொடி ஏறி இறங்கும், ஃபேஸ் குலுங்கும். இதற்குச் சின்டிலேஷன் என்று பெயர். ரிசீவர் கேரியரைத் துரத்திக்கொண்டே இருக்கும்போது சிக்னல் பள்ளத்தில் விழுந்தால் பிடி நழுவும். மறுபடி பிடிக்கும்போது எண்ணிக்கையில் ஓர் அலையோ பத்து அலையோ தவறிவிடும். சைக்கிள் ஸ்லிப் அதுதான். அலைவரிசை தாழத் தாழ ஆட்டம் கூடும் என்பதால் எல்1-ஐ விட எல்2, எல்5 இரண்டும் சுமார் ஒன்றரை மடங்கு அதிகம் ஆடும். எனவே முதலில் விழுவது பெரும்பாலும் எல்2. இரண்டில் ஒன்று போனால் இரட்டை அலைவரிசைக் கணக்கும் போய்விட்டது.

ஏன் மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபர்? சூரியன் மறையும் கோடு அந்த மாதங்களில் காந்தக் கோட்டின் திசைக்கு ஏறக்குறைய இணையாக வருகிறது. அந்தக் காந்தக் கோட்டின் வடக்கு முனையிலும் தெற்கு முனையிலும் ஒரே நேரத்தில் இருட்டுவதால் அந்த மின்புலத் துள்ளல் பலமாக இருக்கும். இதோடு சூரியச் சுழற்சியும் சேரும். சூரியன் உச்சக் காலத்தை எட்டிவிட்டதென்று நாசாவும் அமெரிக்க வானிலை அமைப்பான நோவாவும் 2024 அக்டோபரில் அறிவித்தன. அந்த உச்சத்தை ஒட்டிய ஆண்டுகளின் மார்ச் மாலைகள் கடுமையானவை. சுழற்சி தணிந்த ஆண்டுகளில் அதே இடத்தில் அதே கருவி மார்ச்சிலும் சமர்த்தாக இருக்கும். சென்ற சுழற்சியின் தணிந்த காலத்தில் வேலை பழகியவர்களுக்கு இது புதுத் தொல்லைபோலத் தோன்றுவது அதனால்தான்.

இனி, இது அயனிமண்டலம்தானா என்று எப்படி உறுதி செய்வது? கன்ட்ரோலரில் செயற்கைக்கோள் பட்டியலைத் திறந்து, ஒவ்வொன்றின் சிக்னல் வலிமையையும் பாருங்கள். உச்சிப் பக்கம் இருக்கும் கோளுக்குச் சாதாரணமாக 45 முதல் 50 டிபி-ஹெர்ட்ஸ் இருக்கும், ஓரிரண்டு எண்ணுக்கு மேல் ஆடாது. சின்டிலேஷனில் அது 48-லிருந்து 33-க்கு விழுந்து, ஓரிரு நொடியில் 50-க்கு ஏறும். அதுவும் எல்லாக் கோளுக்கும் இல்லை. வானத்தின் ஒரு பகுதியில் நிற்கும் மூன்று, நான்கு மட்டும் குதிக்கும், மற்றவை அமைதியாக இருக்கும். பெரும்பாலும் மேற்கில் தொடங்கி, உச்சிக்கு வந்து, கிழக்கே போகும். குமிழி நகரும் திசை அது. எல்லாக் கோளும் ஒரே சமயம் ஒரே அளவு விழுந்தால் கேபிள், ஆன்டெனா அல்லது பக்கத்தில் யாரோ வைத்திருக்கும் ஜாமர் என்று தேடுங்கள். சிக்னல் வலிமை நன்றாக இருந்தும் ஃபிக்ஸ் போனால் கரெக்ஷன் வயதை, அதாவது பேஸிலிருந்து கடைசித் திருத்தம் வந்து எத்தனை நொடி ஆயிற்று என்பதைப் பாருங்கள். அது 1, 2 நொடியிலிருந்து 20, 30 என்று ஏறினால் குற்றம் ரேடியோவிலோ சிம் கார்டிலோ இருக்கிறது.

எதிரொலிப்பையும் மறைப்பையும் பிரித்தறிய ஒரு நல்ல சோதனை உண்டு, செலவில்லாதது. ஜிபிஎஸ் கோள்களின் அமைப்பு ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய நான்கு நிமிடம் முன்னதாகவே அப்படியே திரும்ப வரும். பதினைந்து நாளில் ஒரு மணி நேரம். உங்கள் தொல்லை முதல் நாள் 7.40-க்கு வந்து, இரண்டு வாரம் கழித்து 6.40-க்கு வந்தால், காரணம் மரமோ, தகரக் கூரையோ, பாறை முகடோ. இரண்டு வாரம் கழித்தும் 7.40 சுமாருக்கே நின்றால், அதற்குக் கடிகாரம் சூரியன். குவாரிப் பக்கம் வேலை செய்பவர்களுக்கு இந்தச் சோதனை மிகவும் உதவும். செங்குத்தாக வெட்டிய கிரானைட் முகம் தரும் எதிரொலியைப் பலர் அயனிமண்டலத்தின் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

இன்னொரு சாட்சி ககன், செயற்கைக்கோள் வழியே ஜிபிஎஸ் திருத்தம் அனுப்பும் இந்திய அமைப்பு. அதைச் சுமக்கும் ஜிசாட்-10 கோள் 83 டிகிரி கிழக்கில் அசையாமல் நிற்கிறது. தருமபுரியிலிருந்து பார்த்தால் சுமார் 75 டிகிரி உயரம். கோள் நகராததால் அதன் வலிமைக் கோடு கயிறு கட்டினாற்போல நேராகப் போக வேண்டும். உங்கள் ரிசீவர் எஸ்பாஸ் (ககன் வகை) கோள்களைக் காட்டினால், மாலை 7-லிருந்து 11 வரை நொடிக்கு ஒரு முறை பதிவு செய்து வரைந்து பாருங்கள். அந்தக் கோடு எட்டு மணிக்கு நடுங்கத் தொடங்கினால் வேறு ஆதாரம் வேண்டாம்.

இப்போது வேலை. மாலை 7.30-லிருந்து நள்ளிரவு வரை, இந்த நான்கு மாதங்களில், சென்டிமீட்டர் வேலை வைக்காதீர்கள் என்பதுதான் என் முதல் பேச்சு. காலை 6-லிருந்து 10 வரை வைத்துக்கொள்ளுங்கள், எலக்ட்ரான் குறைவு, குமிழி கரைந்திருக்கும். இரவுதான் வழி என்றால் நள்ளிரவு தாண்டி, அதிலும் 3 மணிக்கு மேல்.

மாலையில் தவிர்க்கவே முடியாதென்றால் பேஸை 11 கி.மீ. தள்ளி வைக்காமல் இரண்டு, மூன்று கிலோமீட்டருக்குள் கொண்டுவாருங்கள். அடிவான ஓரத்தில் நிற்கும் கோள்களை ஒதுக்கிவிடுங்கள், அதற்கான உயர வரம்பான மாஸ்க்கை 10-லிருந்து 15 அல்லது 20 டிகிரிக்கு ஏற்றுங்கள். இதற்கு நம் ஊர்க் கணக்கு ஒன்று இருக்கிறது. தருமபுரியிலிருந்து வடக்கே 10 டிகிரி உயரத்தில் பார்க்கும் கதிர், அயனிமண்டலத்தைத் துளைப்பது சுமார் 23 டிகிரி அட்சரேகையில், போபாலுக்கு நேரே. எலக்ட்ரான் குவியல் இருக்கும் இடம் அதுதான், எல்1 சின்டிலேஷன் மிகக் கடுமையாக அடிப்பதும் அங்கேதான். 20 டிகிரிக்கு ஏற்றினால் துளைக்கும் இடம் 19 டிகிரிக்கு இறங்கிவிடும். வட திசையில் தாழ்வாக நிற்கும் கோளை மாலையில் நம்பாதீர்கள்.

ஜிபிஎஸ் மட்டும் என்று வைத்திருக்காமல் மற்ற நாடுகளின் கோள் அமைப்புகளான க்ளோனாஸ், கலிலியோ, பெய்டூ எல்லாவற்றையும் திறந்து விடுங்கள். நம் வானத்தில் முப்பதுக்கு மேல் கோள் தெரியும். குமிழி வானத்தின் ஒரு பட்டையைத்தான் மூடும் என்பதால், நான்கைந்து போனாலும் மிச்சத்தை வைத்துத் தாங்கும். ஒன்பது கோளை மட்டும் நம்பும் பழைய ரிசீவரில் நான்கு போனால் கதை முடிந்தது. செயற்கைக்கோள் வழியே கரெக்ஷன் வாங்கும் எல்-பேண்ட் சந்தா வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: அந்தக் கரெக்ஷன் வரும் அலைவரிசையும் எல்1-க்குப் பக்கத்திலேயே இருப்பதால், அளவும் கரெக்ஷனும் ஒன்றாகவே கெடும்.

ஃப்ளோட்டைக் கண்டு பயப்படாதீர்கள், தவறான ஃபிக்ஸைக் கண்டு பயப்படுங்கள். ஃப்ளோட் என்றால் கருவி தனக்குத் தெரியவில்லை என்று நேர்மையாகச் சொல்கிறது. தவறான ஃபிக்ஸில் திரை பச்சையாக இருக்கும், துல்லியம் 1.5 செ.மீ. என்று காட்டும், உயரம் மட்டும் 30 செ.மீ. தள்ளி நிற்கும். ரோடு லெவலில் அது போனால் மழைநீர் வடிகாலின் சரிவே தலைகீழாகிவிடும். அதனால் மாலையில் எடுத்த ஒவ்வொரு முக்கியப் புள்ளியையும் இரண்டு தடவை எடுங்கள். முதல் தடவை எடுத்ததும் ஃபிக்ஸை வேண்டுமென்றே உடைத்து, புதிதாகப் பிடிக்க விடுங்கள். இரண்டுக்கும் நடுவே அரை மணி இருந்தால் நல்லது. உயரம் 3 செ.மீ.க்குள் ஒத்துப்போனால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டையும் எறிந்துவிட்டு காலையில் வாருங்கள். அளவு தெரிந்த ஒரு தூணில் வேலை தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ரோவரை வைத்துச் சரிபார்ப்பதும் இதோடு சேர்ந்தது.

ஸ்டாட்டிக் பதிவு (ஒரே புள்ளியில் நெடுநேரம் நிறுத்தி எடுப்பது) எடுப்பவர்கள் மாலையில் கருவியை வைத்துவிட்டு இரவு சாப்பாட்டுக்குப் போவது வழக்கம். பதிவு இடைவெளியை 30 நொடியில் விடாமல் 1 நொடியில் வையுங்கள், சைக்கிள் ஸ்லிப்பைக் கண்டுபிடித்துத் திருத்த மென்பொருளுக்கு அது தேவை. பிறகு ப்ராசஸ் செய்யும்போது ஒவ்வொரு கோளின் ரெசிடுவல் (மிச்சப் பிழை) வரைபடத்தையும் பாருங்கள். 8 மணிக்கும் 10.30-க்கும் நடுவே ஒரு கோள் மட்டும் கிறுக்கலாக இருந்தால், அந்தக் கோளின் அந்தத் துண்டை மட்டும் வெட்டுங்கள், முழுக் கோளையும் வீச வேண்டாம். ரிசீவர் பதிவின் பொது வடிவமான ரைனெக்ஸ் கோப்பிலிருந்து டெக் மாறும் வேகத்தைக் கணக்கிடும் இலவசக் கருவிகள் உண்டு. ஐந்து நிமிட இடைவெளியில் அந்த வேகத்தின் சிதறல் நிமிடத்துக்கு 0.5 யூனிட்டைத் தாண்டினால் அங்கே குமிழி இருந்தது என்று எடுத்துக்கொள்வார்கள். உலக டெக் வரைபடத்தைப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அதன் கட்டம் அட்சரேகையில் 2.5 டிகிரி, தீர்க்கரேகையில் 5 டிகிரி. 100 கி.மீ. அகலக் குமிழி அந்தச் சல்லடையில் தங்காது.

காந்தப் புயல் எண்ணை (கேபி) பார்த்து இரவு வேலையைத் திட்டமிடுபவர்களும் இருக்கிறார்கள். நம் அட்சரேகைக்கு அது சரியான வழி இல்லை. கேபி எண் 1, 2 என்று அமைதியாக இருக்கும் மார்ச் மாலையில்தான் குமிழி கொப்பளிக்கும். புயல் சில சமயம் அந்த மின்புலத் துள்ளலையே அடக்கிவிடும், சில சமயம் எதிர்பாராத நேரத்தில் கிளப்பிவிடும். மாதம், மணி, சூரியக் கதிர்ப்பு அளவு மூன்றையும் பாருங்கள். 10.7 செ.மீ. ரேடியோ கதிர்ப்பு 70-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி, 150-க்கு மேல் என்றால் மாலையை விட்டுவிடுங்கள்.

மழை வந்தால் டிடிஎச் டிவி போகிறதே, அதுவும் இதுதானா என்ற சந்தேகம் வரலாம். இல்லை. டிடிஎச் 11, 12 கிகாஹெர்ட்ஸில் வருகிறது. அந்த அதிர்வெண்ணுக்கு அயனிமண்டலம் ஏறக்குறைய கண்ணாடி, அங்கே எதிரி மழைத்துளி. எல்-பேண்டில் அப்படியே தலைகீழ், மழை ஒன்றும் செய்யாது. இந்தியாவின் நேவிக் கோள்கள் அனுப்பும் 2492 மெகாஹெர்ட்ஸ் எஸ்-பேண்ட் நடுவில் நிற்கிறது. ஒரு டெக் யூனிட்டுக்கு அங்கே பிழை 6.5 செ.மீ.தான், ஆட்டமும் எல்1-இல் பாதி. சர்வே ரிசீவர்களில் அந்த அலைவரிசை வந்தால் நம்மைப்போல காந்த நடுக்கோட்டை ஒட்டி வாழ்பவர்களுக்குப் பெரிய உதவியாக இருக்கும்.

உங்கள் விஷயத்தில் நாளையே செய்யக்கூடியது: பேஸிலும் ரோவரிலும் மாலை 6.30-லிருந்து 11.30 வரை நொடிக்கு ஒரு பதிவு ஓடட்டும், ரோவரைக் காவேரிப்பட்டணத்தில் ஒரே புள்ளியில் முக்காலியில் நிறுத்துங்கள். எந்தக் கோள், எந்தத் திசை, எந்த நிமிடம் விழுந்தது என்று எழுதிக்கொண்டு, அதே புள்ளியில் மறுநாள் காலை 6-லிருந்து 8 வரை மறுபடி வையுங்கள். காலையில் ஒரு தடவைகூட விழவில்லை, மாலையில் மட்டும் திசை மாறி மாறி விழுந்தது என்றால், பழைய கேபிளையும் ஆன்டெனாவையும் எடுத்து மறுபடி மாட்டிக்கொள்ளலாம். அவை நன்றாகத்தான் இருக்கின்றன.